சாமி ஏன் நடக்கிறது?

குமரி மாவட்டத்துக்குச் சொந்த விமான நிலையம் கிடையாது. மேற்கே திருவனந்தபுரம், கிழக்கே தூத்துக்குடி வாகைக்குளம். இரண்டுக்கும் இடையே நேர்கோடு போட்டால் சுமார் 125 கிலோமீட்டர். பொதிகைமலைப் பக்கமாக மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும் அந்தக் கோட்டைச் சிறிய விமானம் அரை மணிக்குள் கடந்துவிடும். தரையில் நாகர்கோவில், நெல்லை என்று சுற்றி வர நாலு மணி நேரமாவது பிடிக்கும்.

இந்தக் கணக்கு திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள் செல்லாது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமி ஆறாட்டுக்கு, அதாவது நீராட, சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி ஓடுபாதைக்குக் குறுக்கே இருக்கிறது. சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் நிற்கும். விமான நிலையம் 1932-ல் வந்தது. ஊர்வலம் அதற்கு மூத்தது.

எங்கும் நிறைந்தவருக்குக் கடற்கரை வரை போக என்ன அவசியம்?

நவராத்திரி வந்தால் இந்தக் கேள்வி இன்னும் வலுக்கும். சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரசாமி, பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள் கைமாறும். சரஸ்வதி யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. பத்மநாபபுரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர்தான். வேனில் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். 1956-ல் களியக்காவிளையில் மாநில எல்லை விழுந்த பிறகும் சாமிகள் பழைய வழியில்தான் போகிறார்கள். இரு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்கின்றன.

எட்டாதவர் தாமே எளியவராகி இறங்கி வருவதை வைணவம் சௌலப்பியம் என்கிறது. கோயில் படியேற முடியாத கிழவியின் வாசலுக்கு யானைமேல் சரஸ்வதி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். வேனில் போனால் அந்தக் கிழவி விளக்கை ஏற்றி முடிப்பதற்குள் சாமி தாண்டிப் போயிருக்கும்.

ஆனால் சாமி தெருவுக்கு வந்தது எல்லோருக்காகவுமா? சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவே ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு உரிமை இருக்கவில்லை. அதற்காக 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். பல்லக்கு சுமந்து கடக்கக்கூடிய தூரமாக அந்தப் பத்தாண்டு இருக்கவில்லை.

அதற்கு நூறாண்டு முன்பே, அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர் (1809–1851) கேள்வியை வேறு பக்கம் திருப்பிவிட்டார். சாமித்தோப்பிலுள்ள அவருடைய வழிபாட்டிடமான பதியின் பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. தலைப்பாகை கட்டிக்கொண்டு எதிரே நிற்பவருக்குத் தன் முகமே தெரியும். தெய்வம் அவ்வளவு பக்கத்தில் என்றால் யாரும் எங்கும் நடக்க வேண்டியதில்லை.

நடக்கத்தான் செய்கிறார்கள். மாசி 20 அய்யாவின் அவதார தினம். அதையொட்டி அவர் சிறையிருந்த திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஊர்வலம், கடலிலிருந்து அவர் வெளிப்பட்டதாக நம்பப்படும் திருச்செந்தூரிலிருந்து ஓர் ஊர்வலம். ஒன்று மேற்கு விமான நிலையம் இருக்கும் ஊரிலிருந்து, மற்றது கிழக்கு விமான நிலையம் இருக்கும் மாவட்டத்திலிருந்து! இரண்டும் நாகர்கோவிலில் சேர்கின்றன. அங்கிருந்து காவிக்கொடிகளோடு சாமித்தோப்புக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. வெயிலில் வந்த களைப்போடு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கண்ணாடிக்கு முன் வரிசையில் நிற்கிறார்கள்.