பழுதும் பழைமையும்: ஒரு வால்வு வானொலி எழுப்பும் வினா

பழைய பொருளொன்றைப் பேணுதல் என்பது யாது? அதனை இருந்தவாறே இருக்கவிடுதலே பேணுதல் எனப் பலர் கூறுவர். கெட்ட பகுதியை நீக்கிப் புதியதை இட்டு, அப்பொருள் மீண்டும் தன் தொழிலைச் செய்யுமாறு ஆக்குதலே பேணுதல் என வேறு சிலர் கூறுவர். மொழி, கலை, வழிபாடு, சமூக வழக்கங்கள் ஆகியவை பற்றி நம்மிடையே நிகழும் விவாதங்கள் பல இவ்விரு விடைகளுக்கும் இடையிலேயே ஊசலாடுகின்றன. ஆயின், அத்தகைய பெரும்பொருள்களை வைத்து வாதிடும்போது நம் விருப்பு வெறுப்புகள் ஆராய்ச்சியை மறைத்துவிடுதல் உண்டு. ஆகையால், சிறு பொருளொன்றை எடுத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொருள், 1950களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிற் செய்யப்பட்ட, ஐந்து வால்வுகள் கொண்ட மேசை வானொலிப் பெட்டி ஒன்று.

அப்பெட்டி யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் என் பெரியப்பாவின் வீட்டில் இருந்தது. அதன் கண்ணாடி முகத்தில் உலக நகரங்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மாலைவேளைகளில் அயலவர் கூடியிருந்து கொழும்பு நிலையத்தின் செய்திகளையும் நாடகங்களையும் அதிற் கேட்டதைப் பெரியப்பா அடிக்கடி நினைவுகூருவார். 1990இன் பின், குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளில், நாம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் சிறிய திரான்சிற்றர் வானொலிகளில் செய்தி கேட்டோம். வால்வு வானொலியை இயக்க அச்சிறு மின் போதாது. எனவே அது துணியால் மூடப்பட்டு ஒரு மூலையில் கிடந்தது.

மின்சாரம் மீண்டபின் ஒருநாள் நான் அதனை எடுத்துத் தூசி துடைத்து, உள்ளே திறந்தும் பாராமல் நேரே மின்னோடு இணைத்தேன். பெரியப்பா கேட்ட பெட்டியை அவர் கேட்டவாறே கேட்கவேண்டும் என்பது என் ஆசை. ஓர் ஆணியையேனும் தொடாதிருத்தல் அதற்குச் செய்யும் மரியாதை என எண்ணினேன். அரை நிமிடத்தின்பின் குரல் வந்தது. பெரியப்பா கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். சில நிமிடங்களில் அக்குரல் கரகரத்துச் சிதைந்தது, பின் கருகல் மணம் எழுந்தது, பின் அமைதி. வெளியீட்டு வால்வும், ஒலிபெருக்கியை அதனோடு இணைக்கும் நிலைமாற்றியும் ஒருங்கே அழிந்திருந்தன. “அதுக்கும் வயசு போட்டுது, தம்பி” என்று மட்டும் பெரியப்பா கூறினார்.

அப்பெட்டி வயதினால் இறக்கவில்லை என்பதையும், என் மரியாதையே அதனைக் கொன்றது என்பதையும் நான் பின்னரே அறிந்துகொண்டேன். அதனை விளக்குவதற்கு வால்வின் தொழிற்பாட்டைச் சிறிது கூறுதல் வேண்டும்.

வால்வு என்பது வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். அதனுள்ளே சூடேற்றப்பட்ட கதோட்டிலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு, நேரழுத்தமுள்ள அனோட்டை நோக்கிச் செல்கின்றன. பிளெமிங் 1904இல் ஆக்கிய இருவாயியில் இவ்விரண்டு முனைகளே இருந்தன. பின்னர் டி பொறெஸ்ற் இவற்றிற்கிடையே நெய்யரி என்னும் மூன்றாவது முனையைப் புகுத்தினார். நெய்யரியின் அழுத்தத்திற் செய்யும் சிறு மாற்றம் அனோட்டு ஓட்டத்திற் பெருமாற்றத்தை விளைவிக்கும். ஒலியைப் பெருக்கும் ஆற்றல் இதனாலேயே வால்வுக்கு வாய்த்தது. இவ்வாற்றல் அளவோடு தொழிற்படவேண்டுமாயின் நெய்யரி கதோட்டிலும் தாழ்ந்த அழுத்தத்தில் நிற்றல் வேண்டும். எங்கள் பெட்டியின் வெளியீட்டு வால்வாகிய ஈ. எல். 41 என்பதில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 7 வோற்று.

இந்நெய்யரிக்கு முன்னே ஒரு கொள்ளளவி நிற்கின்றது. முந்திய வால்விலிருந்து வரும் ஒலியதிர்வை அது கடத்தும். அவ்வால்வின் அனோட்டிலுள்ள உயர்ந்த நேரோட்ட அழுத்தத்தைத் தடுக்கும். அக்காலத்தில் இது தாளையும் உலோகத் தகட்டையும் சுருட்டி மெழுகிட்டுச் செய்யப்பட்டது. ஆண்டுகள் செல்லத் தாள் ஈரத்தை உறிஞ்சிக் காவற்றன்மையை இழக்கின்றது. அதன் தடை 10 மெகா ஓமாகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். சாதாரண மானியிற் பார்ப்பவர் அதனைப் பழுதற்றது என்றே கூறிவிடுவர். ஆயினும், முந்திய அனோட்டில் 100 வோற்றும், நெய்யரித் தடையி 0.68 மெகா ஓமும் இருப்பின், நெய்யரியில் 6 வோற்றுக்கு மேற்பட்ட நேரழுத்தம் ஏறிவிடும். கதோட்டுத் தடையி ஓரளவு ஈடுசெய்யினும், வால்வினூடு செல்லும் ஓட்டம் அளவை மீறும். அனோட்டு வெம்மையுறும், நிலைமாற்றியின் மெல்லிய கம்பிச்சுற்று எரியும்.

இங்கு அழிந்த இரு பொருள்களும் இன்று எளிதிற் கிடையாதவை. அவற்றை அழித்ததோ சில ரூபாவுக்கு மாற்றியிருக்கத்தக்க ஒரு தாட்சுருள். அதனையும் “பழையது, தொடாதே” என்று காத்தமையால் மற்றையவற்றை இழந்தேன். ஒரு பொருளின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்தில் முதுமையடைவதில்லை. கண்ணாடியும் செம்பும் மரமும் நெடுங்காலம் நிற்கும். தாளும் மெழுகும் முன்னரே நலிவுறும். நலிந்த உறுப்பு தான் மட்டும் கெடுவதன்று. நலமுள்ளவற்றையும் தன்னோடு கெடுக்கின்றது. எனவே, எதனையும் மாற்றேன் என்னும் கொள்கை நடுநிலைக் கொள்கை அன்று. அது நலிந்ததன் பக்கம் நின்று நலமுள்ளதனைப் பலியிடும் கொள்கையாகும்.

அவ்வாறாயின் ஐயத்துக்குரிய யாவற்றையும் மாற்றிவிடலாமா? பழுதுபார்க்கும் தொழிலின் ஒழுங்குமுறை இதற்கும் இடந்தருவதில்லை. அனுபவமுள்ள தொழிலாளி முதலில் மின்னை இணையாமலே தடைகளை அளப்பார். பின்னர் இழைமின்குமிழ் ஒன்றைத் தொடரிலிட்டுச் சிறிது சிறிதாக மின்னை ஊட்டுவார். உள்ளே குறுஞ்சுற்று இருப்பின் குமிழ் பிரகாசமாக எரிந்து எச்சரிக்கும். அதன்பின் மின்வழங்கற் பகுதி, வெளியீட்டு வால்வு, செவிமீடிறன் பகுதி, இடைமீடிறன் பகுதி, வானலை நுழையும் முற்பகுதி எனப் பின்னிருந்து முன்னோக்கிச் செல்வார். ஒவ்வொரு படியிலும் “இதுவரை நலம்” என்று உறுதிசெய்த பின்னரே அடுத்த படிக்குச் செல்வார். தோன்றியவாறு பத்து உறுப்புகளை மாற்றுபவனுக்கு வானொலி பாடினாலும் ஏன் பாடிற்று என்பது தெரியாது; பாடாதொழியின், பழைய பழுதோடு தான் புகுத்திய புதிய பழுதும் சேர்ந்ததோ என்பதும் தெரியாது.

இம்முறையில் அடங்கிய அறக்கருத்து ஒன்று சிறப்பாக நோக்கற்பாலது. மேற்கூறிய பழுதிற் கண்ணுக்குப் புலப்படுவது செந்நிறமாக வெந்து நிற்கும் வால்வு. அனுபவமற்றவன் வால்வே குற்றவாளி என முடிவுசெய்து அதனைக் களைந்து புதியதை இடுவான். அதுவும் சிலநாளில் அவ்வாறே அழியும். துன்புறுவது ஓரிடம், துன்பத்தின் காரணம் பிறிதோரிடம். நோயை அறிவதோடமையாது அதன் முதலையும் நாடுக என்று மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த நெறி இதுவே. சமூகத்திலும் வெம்மையுற்றுச் சிவந்து நிற்பவரையே குற்றவாளியாகக் கண்டு களையும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வெம்மை எவ்வழியாக வந்தது என்று பின்னோக்கிச் செல்லும் பொறுமை அரிதாகவே காணப்படுகின்றது.

இனி, மாற்றவேண்டியவற்றை ஆராய்ந்து மாற்றிவிட்டோம் எனக் கொள்வோம். கிடைத்திருப்பது அதே வானொலியா? இது தத்துவத்திற் பழையதோர் வினா. தீசியஸ் சென்ற கப்பலை ஏதென்சு மக்கள் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பேணிவந்தனர் என்றும், அது அதே கப்பலா என மெய்யியலார் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதினார். நீக்கிய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து மீண்டும் கப்பலாக்கின் இரண்டில் எது உண்மைக் கப்பல் எனப் பதினேழாம் நூற்றாண்டில் ஹொப்ஸ் வினவினார். பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஹாவில், தேர் என்பது சக்கரமுமன்று, அச்சுமன்று, நுகமுமன்று. இவை யாவும் கூடியவிடத்து வழங்கும் பெயரே என நாகசேன தேரர் மிலிந்த மன்னனுக்கு உணர்த்துகின்றார்.

நாகசேனர் கருத்து இங்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. வானொலியின் தன்மை அதன் மூலப்பொருளில் மட்டும் இல்லையாயின், வேறெங்கே உள்ளது? வெளித்தோற்றத்தில் என்று கூறல் இயலாது. மரப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு உட்சட்டகத்தை நீக்கி, நவீன இலத்திரனியற் பலகையொன்றை உள்ளே இட்டு விற்பவர் உளர். அதன் ஒலி தெளிவானது, தோற்றமும் பழையது, எனினும் அதனை அதே வானொலி என எவரும் ஒப்பார். பயனில் என்று கூறலும் இயலாது. செருமனியின் பொது வானொலி நடுத்தர அலை ஒலிபரப்பை 2015ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்திற்று. ஐரோப்பாவில் வேறு பல நிலையங்களும் அவ்வாறே மௌனமாயின. கண்ணாடி முகத்தில் எழுதப்பட்ட நகரங்கள் பல இனிப் பேசா. அதனால் அப்பெட்டி வானொலி அல்லாததாகிவிடவில்லை. எஞ்சுவது உறுப்புகள் ஒன்றோடொன்று கொண்ட உறவும், அவ்வுறவினால் எழும் இயங்குமுறையும் ஆகும். புதிய கொள்ளளவி பழையதன் இடத்தில் நின்று பழையதன் கடமையைச் செய்யும்போது அவ்வுறவு தொடர்கின்றது. உட்சட்டகம் முழுவதையும் எறிந்துவிடும்போது அது அறுந்துபோகின்றது.

நம் கோயில்களில் இதற்கோர் ஒப்புமையைக் காணலாம். திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்து, இறைசாந்நித்தியத்தை வேறோரிடத்தில் எழுந்தருளச் செய்து வழிபாட்டைத் தொடர்கின்றனர். திருப்பணி முடிந்தபின் கும்பாபிடேகம் நிகழ்கின்றது. கல்லும் சுண்ணமும் மாறினும் அதே கோயில் என்றே அடியார் கொள்கின்றனர். இங்கே மாற்றம் மறைவாக நிகழ்வதில்லை என்பது கருதத்தக்கது. ஊரறிய, நாள் குறித்து, முறைப்படி நிகழ்கின்றது.

இக்கடைசிக் கருத்தே இக்கட்டுரை வந்தடைய விரும்பும் இடமாகும். பழைய வானொலிகளைப் புதுப்பிப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. மெழுகுத்தாட் சுருளின் உள்ளீட்டை அகற்றி, அக்கூட்டினுள்ளே சிறிய புதிய கொள்ளளவியைப் புகுத்தி, இருபுறமும் மெழுகால் மூடிவிடுவர். மேலே பார்ப்பவருக்கு யாவும் பழையனவாகவே தோன்றும். இது கலைநயமா, வஞ்சனையா? தன் வீட்டில் வைத்து மகிழ்வதற்காகச் செய்பவர் எவரையும் வஞ்சிக்கவில்லை எனலாம். ஆயின் பொருள்கள் மனிதரிலும் நீண்டகாலம் வாழ்கின்றன. நாளை அப்பெட்டியைத் திறப்பவர், எது 1950களினது, எது நம்முடையது என அறியமாட்டார். நலமான புதியதைப் பழையதென ஐயுற்று நீக்குவார். அல்லது பழையதெல்லாம் இவ்வளவு காலம் நிற்கும் எனத் தவறாக நம்பி, நான் செய்த பிழையையே வேறோர் பெட்டியிற் செய்வார். கூட்டை வைத்திருத்தல் குற்றமன்று. உள்ளிருப்பதைக் கூறாமல் வைத்திருத்தலே குற்றம். பழைமை மாறாது நின்றது என்னும் பொய், அதனைப் பின்பற்ற விரும்புவோரை அழிவுக்குள் இட்டுச்செல்கின்றது. மரபைப் பற்றிப் பேசுவோர் இதனைச் சிந்தித்தல் தகும். நம் முன்னோரும் தமக்குக் கிடைத்ததைப் பழுதுபார்த்தே நமக்குத் தந்தனர். அவர்கள் மாற்றியவற்றை நாம் மறைத்து, அனாதிகாலமாக இவ்வாறே இருந்தது எனக் கூறும்போது, நமக்குப் பின்வருவோரிடமிருந்து பழுதுபார்க்கும் உரிமையையும் அறிவையும் பறித்துவிடுகின்றோம்.

பேணுதலுக்கு உண்மை வேண்டும். அவ்வுண்மை இறந்தகாலத்துக்கு மட்டும் செலுத்தப்படுவதன்று, அடுத்துத் திறக்கப்போகும் கைகளுக்கும் செலுத்தப்படவேண்டியது என்பதே எனது துணிபு.

பெரியப்பா காலமாகிப் பல ஆண்டுகளின்பின், வேறொரு பெட்டியிலிருந்து கிடைத்த நிலைமாற்றியையும் வால்வையும் கொண்டு அவ்வானொலியைச் செப்பனிட்டேன். அது இப்பொழுது பேசுகின்றது. அவர் அதனைக் கேட்கவில்லை. நீக்கிய உறுப்புகளை ஒரு சிறு பையிலிட்டு உள்ளே கட்டிவைத்திருக்கின்றேன். பின்பலகையின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. எந்த உறுப்பு, எந்த ஆண்டில், என்ன காரணத்தால் மாற்றப்பட்டது என்பன அதில் எழுதப்பட்டுள்ளன. அதன் முதலாவது வரியில், வெளியீட்டு வால்வும் நிலைமாற்றியும் பழைமையால் அழியவில்லை, ஆராயாது மின்னை இணைத்தமையால் அழிந்தன என்று எழுதி, அதன் கீழே என் பெயரை இட்டிருக்கின்றேன்.