சண்டை போடும் உரிமை

அயோவா மாநிலம் என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையில் விளைந்து நிற்கும் மக்காச்சோளம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதன் வடகிழக்கு மூலை மட்டும் குன்றும் பள்ளமுமாகக் கிடக்கிறது. அங்கேதான் போஸ்ட்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்த ஊரில் 1,472 பேர். பெரும்பாலோர் ஜெர்மனி, நார்வே, அயர்லாந்து வழிவந்த வெள்ளையர். அடுத்த கணக்கெடுப்பில், 2000இல், அது 2,273 ஆகிவிட்டது. கூடியவர்களில் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து வந்த, சமய விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஹசிடிக் யூதர்கள் இருந்தார்கள். ரஷ்யர், உக்ரைனியர், மெக்சிகோக்காரர்கள் இருந்தார்கள். குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களிலிருந்து வந்த மாயா பழங்குடியினரும் இருந்தார்கள். அமெரிக்க நாட்டுப்புறத்து ஊர்கள் பலவும் பிள்ளைகளை நகரங்களுக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடங்களை மூடிக்கொண்டிருந்த காலம் அது.

இத்தனைக்கும் காரணம் ஓர் இறைச்சி ஆலை. பழைய முதலாளிகள் மூடிவிட்டுப் போன அந்த ஆலையை 1987இல் புரூக்ளினில் இறைச்சிக் கடை வைத்திருந்த ஆரோன் ருபாஷ்கின் வாங்கினார். யூதச் சமய விதிப்படி அறுத்துப் பதப்படுத்தும் கோஷர் இறைச்சியை நாடு முழுவதும் அனுப்புவது அவர் திட்டம். ‘அக்ரிபுராசசர்ஸ்’ என்று அதற்குப் பெயர். அறுப்பதற்குப் பயிற்சி பெற்ற சமயத்தவர் வேண்டும். அறுத்த பிறகு நுரையீரலைத் தடவிப் பார்த்துப் பழுதில்லை என்று சொல்லும் மேற்பார்வையாளர் வேண்டும். அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். தோலுரிக்க, எலும்பு நீக்க, இறகு பிடுங்க, தரை கழுவ வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அந்த வேலைக்கு உள்ளூர்க்காரர்கள் ஏன் போதிய அளவில் வரவில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அமெரிக்காவின் நடுப்பகுதியில் இறைச்சி ஆலை வேலை ஒரு காலத்தில் வீடு கட்டவும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவும் போதுமான வேலையாக இருந்தது. 1980களில் அது உடைந்தது. பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் ஆஸ்டின் நகரில் ஹார்மெல் நிறுவனம் மணிக்கு 10.69 டாலராக இருந்த கூலியை 8.25 டாலராகக் குறைக்க முனைந்தது. 1985இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, மாதக்கணக்கில் நின்று, தோற்றார்கள். அதே பத்தாண்டில் ஆலைகள் தொழிற்சங்கம் வேரூன்றாத சிற்றூர்களைத் தேடிப் போயின. கூலி இறங்கியது, வேலையின் வேகம் ஏறியது. அந்தக் கூலிக்கு யார் வருவார்களோ அவர்கள்தான் வந்தார்கள். ஓர் ஊரின் நிறம் மாறுகிறது என்று வருந்துகிறவர்கள் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதே நேர்மை. போஸ்ட்வில்லில் நடந்ததற்குக் குவாத்தமாலாக்காரர்களின் முகம் பொறுப்பில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. ஜோயல் போஸ்ட் என்ற வெள்ளையர் 1840களில் ராணுவச் சாலையோரம் விடுதி போட்டதிலிருந்துதான் ஊரின் பெயரே வந்தது. அப்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் ஹோ-சங்க் பழங்குடியினர். விஸ்கான்சினிலிருந்து அரசே அவர்களை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தது. 1848இல் அதே அரசு அவர்களை மினசோட்டாவுக்குக் கிளப்பியது. ‘பழைய போஸ்ட்வில்’ என்று ஏக்கத்தோடு பேசப்படும் ஊருக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை.

யூதர்கள் வந்த புதிதில் ஊரில் புகைச்சல் எழுந்தது. ஹசிடிக் ஆண்கள் வேற்றுப் பெண்களோடு கைகுலுக்க மாட்டார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. வீட்டு முன்புறப் புல்லை ஒழுங்காக வெட்டுவது அந்த ஊரில் மானப் பிரச்சினை. வந்தவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. விலை எழுதி ஒட்டிய கடையில் பேரம் பேசினார்கள். உணவு விதி காரணமாக அக்கம்பக்கத்தார் விருந்துக்கு அழைத்தாலும் போக முடியவில்லை. அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் புளூம் இதையெல்லாம் நேரில் பார்த்துப் பேசி 2000இல் ஒரு புத்தகம் எழுதினார். தாமே யூதரான அவர், ஊர்க்காரர்களின் மனக்குறையைப் பரிவோடு கேட்டார். அதனால் புத்தகம் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

படிப்பவருக்கு இந்தச் சண்டைகள் கவலை தரலாம். உண்மையில் அவை நல்ல அறிகுறிகள். புல்லுக்காகச் சண்டை போடுகிறவர் பக்கத்து வீட்டுக்காரரைத் தமக்குச் சமமானவராக, பதில் சொல்லக் கடமைப்பட்டவராக நினைக்கிறார். எதிர்த்தரப்பும் பதில் சொன்னது. ஹசிடிக் குடும்பங்களுக்கு ஓட்டு இருந்தது, சொத்து இருந்தது, வேலைகொடுக்கும் பலம் இருந்தது. அவர்களில் ஒருவர் பின்னால் ஊர் மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். கசப்பு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பேச்சு நின்றுபோகவில்லை.

குவாத்தமாலாக்காரர்களோடு இப்படி யாரும் சண்டை போட்டதாகப் பெரிதாகச் செய்தி இல்லை. எல் ரொசாரியோ, சான் ஹோசே கால்தெராஸ் போன்ற கிராமங்களிலிருந்து, அண்ணன் வந்தான், தம்பி வந்தான், மைத்துனன் வந்தான் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள் அவர்கள். அமைதியானவர்கள், உழைப்பாளிகள், ஞாயிறு தவறாமல் புனித பிரிஜித் தேவாலயத்துக்கு வருகிறவர்கள் என்று பெயர் எடுத்தார்கள். அந்த நற்பெயருக்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்தது. பெரும்பாலானவர்களிடம் முறையான குடியேற்ற ஆவணம் இல்லை. கூலி குறைந்தாலும், கத்தி கையைப் பதம் பார்த்தாலும், மேலாள் திட்டினாலும் வாய் திறக்க முடியாது. அவர்களுடைய நிலையை நாடறிய எழுதியது நியூயார்க்கின் ‘ஃபார்வர்ட்’ என்ற யூதப் பத்திரிகைதான், 2006இல். அதைத் தொடர்ந்து மினசோட்டாவின் ரப்பி (யூத மதகுரு) மோரிஸ் ஆலன், விலங்கை அறுக்கும் முறை சரியா என்று பார்க்கும் கோஷர் சான்று, அறுக்கிற தொழிலாளியின் கூலியையும் பார்க்க வேண்டும் என்று ஓர் இயக்கமே தொடங்கினார். தன் சமயத்தின் விதியைத் தன் சமயத்து முதலாளியை நோக்கியே நீட்டிய அந்தத் துணிவு போற்றத்தக்கது.

2008 மே 12, திங்கட்கிழமை காலை. ஹெலிகாப்டர்கள் ஊருக்கு மேல் வட்டமிட, குடியேற்றத் துறையினர் நூற்றுக்கணக்கில் ஆலைக்குள் நுழைந்தார்கள். 389 பேரைப் பிடித்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் ஆறில் ஒருவர்! பிடிபடாதவர்கள் பிள்ளைகளோடு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். சிறு பிள்ளைகளின் தாய்மார் சிலரைக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களால் வேலை செய்யவும் முடியாது, ஊரை விட்டுப் போகவும் முடியாது.

வாட்டர்லூ நகரில், கால்நடைக் கண்காட்சி நடக்கும் மைதானத்தில் நீதிமன்றம் கூடியது. பிறர் அடையாளத்தைத் திருடியதாகக் குற்றம் சாட்டி, பத்துப் பத்துப் பேராக நிறுத்தி, சில நாட்களிலேயே ஏறத்தாழ முந்நூறு பேருக்குத் தண்டனை கொடுத்து முடித்தார்கள். ஒப்புக்கொண்டால் ஐந்து மாதச் சிறை, பிறகு நாடு கடத்தல். வழக்காடித் தோற்றால் குறைந்தது இரண்டு ஆண்டு. அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த எரிக் காமெய்ட்-ஃப்ரெய்க்சாஸ், கைதிகளில் பலருக்குத் தாங்கள் என்ன குற்றம் செய்ததாகச் சொல்கிறார்கள் என்பதே விளங்கவில்லை என்று கண்டார். தம் தொழில்மரபை மீறி அதைப் பகிரங்கமாக எழுதினார். மறு ஆண்டு மே மாதம், வேறொரு தொழிலாளியின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: பயன்படுத்திய எண் உண்மையில் இன்னொரு மனிதருடையது என்று தெரிந்திருந்தால்தான் அந்தக் குற்றச்சாட்டு நிற்கும். போஸ்ட்வில்காரர்கள் அதற்குள் தண்டனையை அனுபவித்து முடித்திருந்தார்கள்.

சோதனை நடந்த ஆண்டே ஆலை திவாலானது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் வேலை பார்த்தது குறித்த வழக்கில் நிர்வாகியான ஷோலம் ருபாஷ்கினை ஜூரி விடுவித்தது. நிதி மோசடி வழக்கில் அவருக்கு 2010இல் 27 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அதைக் குறைத்து அவரை வெளியே விட்டார். ஊரில் கடைகள் மூடின, வாடகை வீடுகள் காலியாக நின்றன. ஆனால் மிகப் பெரிய சேதம் வேறோர் இடத்தில் பதிவானது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அயோவாவின் பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை சொல்வது இது: சோதனைக்குப் பிந்தைய காலத்தில், மாநிலம் முழுவதும் லத்தீன் அமெரிக்க வழிவந்த தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கும் ஆபத்து 24 சதவீதம் கூடியது. அமெரிக்காவிலேயே பிறந்து குடியுரிமை பெற்ற தாய்மாரும் அதில் அடக்கம். சட்டம் ஆவணத்தைப் பார்த்துப் பிடித்தது. அச்சமோ இனத்தைப் பார்த்துப் பரவியது.

பிடிபட்டவர்களின் இடத்தை நிரப்ப, திவாலாவதற்கு முன்பே ஆலை அங்குமிங்கும் ஆள் தேடியது. பசிபிக் தீவு நாடான பலாவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். பிறகு சோமாலிய அகதிகள் வந்தார்கள். 2009இல் கனடாவின் தொழிலதிபர் ஹெர்ஷி ஃபிரீட்மன் ஆலையை வாங்கி ‘அக்ரி ஸ்டார்’ என்று பெயர் மாற்றினார். இன்று அதே ஊரில் லூத்தரன் தேவாலயம், கத்தோலிக்கத் தேவாலயம், யூத ஆலயம், மசூதி எல்லாம் இருக்கின்றன. 2020இல் மக்கள்தொகை 2,503.

சோமாலியர்கள் அகதி என்ற சட்டத் தகுதியோடு வந்தவர்கள். வேலை பிடிக்காவிட்டால் வேறு ஊருக்குப் போகலாம், மேலாளைப் பற்றிப் புகார் எழுதலாம். குவாத்தமாலாக்காரர்களிலும் ஒரு சிறு பகுதியினருக்கு அந்த நிலை கிடைத்தது. குற்றத்துக்கு ஆளாகி, விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் ‘யு விசா’ என்றொன்றைத் தருகிறது; மூன்று ஆண்டு கழித்து அவர்கள் நிரந்தர வசிப்புரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆலையில் தமக்கு நேர்ந்ததை அதிகாரிகளிடம் துணிந்து சொன்ன பெண்களும் இளம் பிள்ளைகளும் சிலர் அந்த வழியாக ஊரில் நிலைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் உழைத்துப் பெறமுடியாத இடத்தை, வாய் திறந்த பிறகே அவர்கள் பெற்றார்கள்.