சீருடையும் சுருதியும்

படையணி இசைக்குழுவில் சேரும் தேர்ந்த கலைஞன், தன் கலையை ஆணைக்கு அடகு வைக்கின்றானா? பள்ளித் திடலில் அணிநடை முரசு ஒலிக்கும்போதெல்லாம் இவ்வினா என்னுள் எழுவதுண்டு.

1914ஆம் ஆண்டில் பிறந்த ராம்சிங் தாகூரி, ஆங்கிலேயரின் கூர்க்காப் படையில் இளமையிலேயே சேர்ந்து இசை பயின்றவர். அவர்தம் பட்டாளம் 1942 சனவரி 7ஆம் நாள், நம் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரில் சிதறுண்டது. போர்க் கைதியான அவர் இந்திய தேசிய இராணுவத்தில் இணைந்தார். ‘கதம் கதம் படாயே ஜா’ பாடலுக்கு அவர் அமைத்த மெட்டில், இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற நம் இளைஞரும் அடியெடுத்து வைத்தனர். ஆங்கில அரசு தடை செய்த அம்மெட்டை இன்று இந்திய இராணுவமே முழங்குகின்றது.

ஆங்கிலேயர் தந்த பயிற்சியே ஆங்கிலேயரை எதிர்த்தது. ஊதியம் தந்தவர்க்குக் கலைஞனின் உழைப்பு உரியது. உள்ளம் உரியதன்று என்பதற்கு இதுவே சான்று. ஆயினும், அந்நடையில் பர்மா சென்றோருள் பலர் திரும்பவில்லை. “நான் வாசித்தேன், நடந்தவர் அவர்” என்று கலைஞன் ஒதுங்கிவிட இயலுமா? இயலாது. கால்களை நடத்தும் இசை, உள்ளங்களையும் நடத்துகின்றது.

ஆகவே, மாணவர்க்குக் கருவியைக் கற்பிக்கும் நாம், எதன்பொருட்டு வாசிக்கின்றோம் என்னும் வினாவையும் உடன் கற்பித்தல் வேண்டும்.