ஆட்ரி சந்தையின் பட்டு நாடா

பகட்டாக மினுங்கினாலும் மலிவானது, மட்டமானது என்று ஓர் உடையையோ நகையையோ ஒதுக்கித் தள்ள ஆங்கிலத்தில் ‘டாட்ரி’ என்றொரு சொல் உண்டு. அது ஒரு புனிதவதியின் பெயரிலிருந்து வந்தது என்று படித்த பிறகு, அதை யார்மீதும் வீச எனக்கு மனம் வரவில்லை.

எத்தெல்டிரிடா ஏழாம் நூற்றாண்டில் கிழக்கு இங்கிலாந்தில் பிறந்த அரசகுமாரி. நார்தம்பிரியாவின் அரசியாக இருந்தவர், கணவனையும் அரண்மனையையும் துறந்து, சதுப்பு நிலங்களுக்கு நடுவே மேடாயிருந்த ஈலியில் 673-இல் மடம் நிறுவினார். கம்பளி ஆடையைத் தவிர வேறு உடுத்தவில்லை. தாடைக்குக் கீழே பெரிய கட்டி வந்து 679-இல் இறந்தார். சிறு வயதில் கழுத்து நிறைய நகை பூண்டு திரிந்ததற்கு இந்த நோவு தகும் என்று அவர் அதை மனமுவந்து ஏற்றதாக, பீட் என்ற துறவி தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். பதினாறு ஆண்டுகள் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாதிருந்தது, மருத்துவர் கீறிய புண்கூட ஆறியிருந்தது என்றும் சொல்கிறார்.

பேச்சு வழக்கில் எத்தெல்டிரிடா ஆட்ரி ஆனார். அவருடைய திருநாளான அக்டோபர் 17-ஐ ஒட்டி ஈலியில் சந்தை கூடும். அங்கே விற்ற பட்டு நாடாவைப் பெண்கள் வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள்; ‘செயின்ட் ஆட்ரி’ நாடா என்ற அதன் பெயர் நாவில் திரிந்து ‘டாட்ரி’ ஆனது. நகையை வெறுத்தவர் பெயரிலேயே கழுத்தணியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கட்டியவர்களில் சிலராவது நோவுற்ற அந்தக் கழுத்தை நினைத்துக் கட்டியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். 1541-இல் மதச் சீர்திருத்தக்காரர்கள் அவர் சமாதியை இடித்தார்கள். நாடா பிழைத்தது. ஷேக்ஸ்பியரின் ‘விண்டர்ஸ் டேல்’ நாடகத்தில் ஒரு நாட்டுப்புறப் பெண், வாங்கித் தருவதாகச் சொன்னாயே என்று அதைக் கேட்கிறாள். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் சொல் இகழ்ச்சியாகிவிட்டது.

அரசியிடம் துறக்க நகை இருந்தது. சந்தைக்கு வந்த பெண்ணிடம் என்ன இருந்தது? ஆண்டுக்கொருமுறை சேர்த்த காசில் ஒரு துண்டுப் பட்டு. எத்தெல்டிரிடா தம் கழுத்தை மட்டுமே பழித்துக்கொண்டார், பிறர் கழுத்தை எடைபோடவில்லை. அதைச் செய்தவர்கள் விலையுயர்ந்த பட்டு உடுத்தியவர்கள். துறவியின் பெயரை ஏழைகளின் ஆசைமேல் வசையாக ஒட்டியதைப் பண்பாடு என்று என்னால் ஏற்க முடியாது.

உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண் திருவிழாவில் வாங்கிய மாலையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், விலை கேட்காதீர்கள். அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.