“எனக்குத் தெரியாது”

 

2014 அக்டோபரில் வானத்தின் தென்பகுதியில் புதிதாக ஒரு சுடர் தோன்றிற்று. கண்ணுக்குப் புலப்படும் ஒளியல்ல. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் படம் பிடிக்கிறார்களே, அந்த எக்ஸ்ரே கதிர். காற்று மண்டலம் இக்கதிரைத் தடுத்துவிடும். ஆகவே விண்வெளியில் சுற்றும் ‘சந்திரா’ தொலைநோக்கியே அதைக் கண்டது. ஆயிரம் கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள ஒரு சிறு நட்சத்திர மண்டலம்! அக்கதிர் புறப்பட்டபோது நம் பூமியே படைக்கப்படவில்லை. சில மணி நேரத்தில் ஆயிரம் மடங்கு பிரகாசித்தது. ஏறக்குறைய ஒரு நாளில் மங்கி மறைந்தது. சுப்ஹானல்லாஹ்!

அந்தத் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பூர்வீகம் நம் தஞ்சைச் சீமைதான். விண்மீன்களைப் பற்றி அவர் இளவயதில் போட்ட கணக்கை 1935இல் லண்டன் சபையில் எடிங்டன் என்ற பேரறிஞர் எள்ளி நகையாடினார். அந்தச் சந்திரசேகருக்கே 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுடருக்கு வருவோம். ஃபிரான்ஸ் பவுவர் என்பவரும் கூட்டாளிகளும் 2017இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். வெடித்த விண்மீனோ? வெள்ளைக் குறுமீனைக் கருந்துளை கிழித்ததோ? எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை என்று ஒளிக்காமல் எழுதிவிட்டார்கள்.

நம்மவர்களோ! இத்தகைய செய்தி வந்தால் போதும், கியாமத்தின் அடையாளம் என்பார் ஒருவர். ‘தாரிக்’ சூராவில் வரும் நட்சத்திரம் இதுவே என்று மிம்பரிலேயே முடிவு கட்டுவார் இன்னொருவர். நாளை ஆய்வாளர்கள் வேறு விளக்கம் கண்டால் இவர் தம் தஃப்ஸீரை மாற்றுவாரா? குர்ஆனுக்குக் கண்ணியம் சேர்ப்பதாக எண்ணி அதைப் பத்திரிகைச் செய்தியோடு கட்டிப்போடுகிறார்கள்.

நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் (ரலி) வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மௌத்துக்காகத்தான் என்று மக்கள் பேசினார்கள். மகனை இழந்த அந்நேரத்திலும் நாயகம் (ஸல்) அதை ஏற்கவில்லை. எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று தெளிவாக்கித் தொழவும் துஆச் செய்யவும் ஏவினார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 மஸ்அலாக்கள் கேட்கப்பட்டன. 32க்கு “எனக்குத் தெரியாது” என்றே பதில் சொன்னதாகக் கிதாபுகளில் காண்கிறோம். மதீனாவின் இமாம் அவர்! நாமோ பயிர் மஞ்சளித்தால் காரணம் பாராமல் யூரியாவை வீசுவதுபோல் பதிலை வீசுகிறோம்.

வானத்துச் சுடரைத் தவறாகச் சொன்னால் சுடருக்கு நஷ்டமில்லை. ஆனால் கோபத்தில் ஒருவன் மனைவியிடம் ஏதோ சொல்லிவிட, டீக்கடைப் பெஞ்சிலேயே “தலாக் விழுந்துவிட்டது” என்று தீர்ப்பாகிறது. அழுதுகொண்டு பிள்ளைகளோடு தாய்வீடு போகிறாள் ஒரு பெண். அவன் சொன்ன வார்த்தை என்ன, எத்தனை முறை, எந்த நிலையில் என்று கேட்டவர் யார்? அதை அப்படியே எழுதி, தகுதியுள்ள ஆலிமிடம் கொடுங்கள். கிதாபைப் பார்க்க இரண்டு நாள் அவகாசம் வேண்டும் என்று அவர் சொன்னால், ஓதத் தெரியாதவர் என்று ஏசாதீர்கள். அந்த இரண்டு நாளும் பொறுத்திருங்கள்.