துறவிக்கு ஊர் உண்டா?

வீடு, மனைவி, மக்கள், பொருள் ஆகியவற்றை விடுவதே துறவு என்பதில் சமயங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பிறந்து வளர்ந்த ஊரை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். துறவி ஒரே ஊரில் நெடுநாள் தங்கலாகாது, மழைக்காலம் மட்டுமே விலக்கு என்பது வைதிக, சமண, பௌத்த நெறிகள் மூன்றிலும் காணப்படும் பழைய விதி. தங்கத் தங்க ஊர் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

தமிழ்ச் சைவத்தில் இந்த விதியோடு முரண்படும் கதை பட்டினத்தாருடையது. காவிரி கடலில் கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்தில் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் திருவெண்காடர். வளர்ப்பு மகன் மருதவாணர் கடல் வாணிகம் முடித்துத் திரும்பியபோது கொண்டு வந்தவை எருமுட்டையும் தவிடும். விட்டுச் சென்றது காதற்ற ஊசியும் ஓலையும். அதைக் கண்டு துறந்தவர் எங்கே போனார்? எங்கும் போகவில்லை. செல்வராக உலவிய அதே தெருக்களில் பிச்சை ஏற்றார். குடும்ப மானம் போகிறதென்று தமக்கை நஞ்சு கலந்த அப்பம் கொடுத்ததும் அதனால்தான். முகம் தெரியாத ஊரில் கையேந்துவது எளிது. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் பார்த்திருக்கக் கையேந்தினால்தான் அகந்தை அறும். ஊரை நீங்குவதைவிட ஊரிலேயே இருப்பது கடுமையான துறவாகவும் அமையலாம் என்பதை இக்கதை காட்டுகிறது.

தாய் இறந்தபோது அவர் வந்து, பச்சை வாழைமட்டை அடுக்கித் தீமூட்டினார் என்பது அடுத்த செய்தி. ஈமக்கடன் செய்வது சந்நியாசிக்கு உரியதன்று. ஆதிசங்கரரும் காலடியில் தாய்க்கு இறுதிக்கடன் செய்ததாகவே மரபு சொல்கிறது. உரிமையை விடலாம், கடனை விட முடியாது என்பதே இவ்விரு கதைகளின் நிலைப்பாடு. ஊர்ப்பற்றையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். என் ஊர் என்று உரிமை கொண்டாடுவது வேறு. வளர்த்த மண்ணுக்குக் கடன்பட்டிருப்பது வேறு.

தாயின் மறைவுக்குப் பிறகே அவர் தலந்தோறும் அலைகிறார். பதினோராம் திருமுறையில் பட்டினத்துப் பிள்ளையார் பெயரில் உள்ள நூல்கள் ஐந்து. தில்லை, சீகாழி, திருவிடைமருதூர், காஞ்சி, திருவொற்றியூர் என ஒவ்வொன்றும் ஒரு தலத்துக்கு உரியது. பற்றற்றவனைப் பற்றுவதே பற்று விடும் வழி என்று குறள் துறவு அதிகாரத்தை முடிக்கிறது (350). சைவம் அந்தப் பற்றற்றவனையும் ஓர் ஊரில் குடிவைத்துப் பாடியது. ஊர் மீதான அன்பு அழியவில்லை. அது தனக்குரியது என்ற நிலை மாறி அவனுக்குரியதாயிற்று.

ஓர் எச்சரிக்கை அவசியம். திருமுறைப் பட்டினத்தாரும், உடலையும் உறவையும் இகழ்ந்து பாடிய பிற்காலப் பட்டினத்தாரும் வேறு வேறு காலத்தவர் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எனவே மேற்கண்டதைத் தனிமனித வரலாறாகக் கொள்வதைவிட, பல நூற்றாண்டுகளாகத் தமிழ்ச் சமூகம் துறவைப் பற்றி எண்ணியதன் தொகுப்பாகக் கொள்வதே பொருந்தும். கதையின்படி அவர் முடிவெய்திய இடமும் கடலோர ஊரே. இன்று வடசென்னையின் பகுதியாகிவிட்ட திருவொற்றியூரில், கடற்கரையை ஒட்டி அவரது சமாதிக் கோயில் உள்ளது.