சத்திரத்தில் ஓர் இடம்

ஆண்டுதோறும் டிசம்பர் 24-ஆம் தேதி மாலையில், பேலூர் மடத்தில் குருதேவரின் கோயிலில் ஆரதி முடிந்தபின் ஓர் எளிய வழிபாடு நடைபெறுகிறது. அன்னை மேரியும் குழந்தை ஏசுவும் உள்ள படம் மலர்களால் அலங்கரித்து வைக்கப்படுகிறது. மெழுகுவர்த்திகள் ஏற்றப்படுகின்றன. பழங்கள், இனிப்புகள், கேக் ஆகியவை நிவேதனமாகின்றன. துறவியர் கிறிஸ்துமஸ் கீதங்களைப் பாடுகிறார்கள். ஏசுவின் பிறப்பைக் கூறும் பைபிள் பகுதி படிக்கப்படுகிறது. மேலைநாட்டுச் சிற்றாலயங்களில் பாடகர் குழுக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் அதே பழைய கீதங்கள், கங்கைக் கரையில் காவியுடை அணிந்தவர்களின் குரலில் ஒலிக்கின்றன.

நம் மையங்கள் பலவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. எங்கு நடந்தாலும், சில பக்தர்கள் உள்ளூரக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: 'இஷ்டதெய்வத்தின் சன்னிதியில் பிறர் பாட்டு எதற்கு? இது இஷ்ட நிஷ்டைக்குக் குறைவாகாதா?' இந்தக் கேள்வியைக் குறுகிய மனத்தின் கேள்வி என்று ஒதுக்கிவிடக் கூடாது. தன் தெய்வத்திடம் பற்று இல்லாதவனுக்கு இப்படிப்பட்ட ஐயம் எழுவதே இல்லை. அவனுக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுதான். ஏனெனில் எதிலும் அவன் மனம் ஒட்டுவதில்லை.

குருதேவர் இதற்கு ஒரு குடும்ப உவமை கூறுவார். வீட்டு மருமகள் மாமனார், மாமியார், மைத்துனர் என அனைவருக்கும் பணிவிடை செய்கிறாள்; ஆனால் கணவனிடம் அவள் கொண்ட உறவு தனி. பிறருக்குச் செய்யும் பணிவிடையால் அந்த உறவு குறைவதில்லை. அவர் வாழ்வும் இதற்குச் சான்று. 1874-ஆம் ஆண்டில் சம்பு சரண் மல்லிக் அவருக்கு பைபிளைப் படித்துக் காட்டினார். தட்சிணேசுவரத்திற்கு அடுத்திருந்த யதுநாத மல்லிக்கின் தோட்ட வீட்டில், தாயின் மடியில் குழந்தை ஏசு இருக்கும் படத்தைக் கண்டு அவர் பரவசமானார். மூன்று நாட்கள் அந்த பாவனையிலேயே ஆழ்ந்திருந்தார். காளி கோயிலுக்கும் செல்லவில்லை. பஞ்சவடியில் ஏசுவின் காட்சி பெற்ற பின்னர் மீண்டும் அன்னையின் மைந்தனாகவே திரும்பினார். அவர் பவதாரிணியை விட்டுப் போகவுமில்லை. ஏசுவை வாசலில் நிறுத்தவுமில்லை.

அந்தப் படம் சிலுவையில் தொங்கும் ஏசுவின் படம் அன்று, தாய்மடியில் இருக்கும் குழந்தையின் படம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜடாதாரி என்ற சாதுவிடமிருந்து பெற்ற ராம்லாலா விக்கிரகத்தைக் குளிப்பாட்டியும், உணவூட்டியும், சில நேரம் கடிந்துகொண்டும் வளர்த்தவர் அவர். வாத்சல்ய பாவத்தில் ஊறிய அந்த உள்ளம் மேரியின் மடியிலிருந்த மழலையை அடையாளம் கண்டுகொண்டதில் வியப்பில்லை.

தாலாட்டாக வந்த பக்தி

கிறிஸ்துமஸ் கீதங்களின் உயிர்நிலையும் இதுவே. இக்கீதங்களை ஆங்கிலத்தில் 'கேரல்' என்பர். பழங்காலத்தில் அந்தச் சொல் வட்டமாகக் கைகோத்து ஆடிப் பாடும் பாட்டைக் குறித்தது. நம் கும்மியைப் போன்றது என்று கொள்ளலாம். ஆலயத்தினுள் வழிபாடு லத்தீன் மொழியில் நடந்தது. பாமரருக்கு அது புரியாது. 1223-ஆம் ஆண்டில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ், கிரெச்சோ என்ற மலையூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு ஒரு தொழுவத்தை அமைத்து, ஏசு பிறந்த காட்சியை ஊராரின் கண்முன் நிறுத்தினார். அவர் வழிவந்த துறவியர் மக்கள் மொழியிலேயே பாடல்களைப் பரப்பினார்கள். சர்வ வல்லமை உடையவர் என்று அஞ்சி நின்ற இறைவனை, குளிரில் நடுங்கும் சிசுவாகக் கண்ட குடியானவப் பெண்ணின் நெஞ்சில் பயம் போயிற்று, தாலாட்டு பிறந்தது.

பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடியதையும், பிள்ளைத்தமிழ் மரபையும் அறிந்த தமிழருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. வேறோர் ஒற்றுமையும் உண்டு. டிசம்பரின் பிற்பாதி நமக்கு மார்கழி. விடியற்காலைக் குளிரில் தோழியரை வீடுவீடாகச் சென்று எழுப்பும் பாவைப் பாடல்கள் ஒலிக்கும் காலம் அது. ஏறத்தாழ அதே நாட்களில், தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் கிறிஸ்தவ இளைஞர்கள் இரவு நேரத்தில் வீடுவீடாகச் சென்று கீதம் பாடி எழுப்புகிறார்கள். ஒரே தெருவில் நள்ளிரவில் அவர்களும் வைகறையில் பஜனைக் கோஷ்டியும் செல்லும் ஊர்கள் உண்டு. அந்தத் தெருவில் வாழ்வோர் தூக்கத்தை இழந்தாலும் வேறொன்றையும் இழப்பதாகத் தெரியவில்லை!

தெருவில் பிறந்த இந்தப் பாடல்கள் ஆலயத்தினுள் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தூய்மைவாதிகளின் ஆட்சியில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே தடை செய்யப்பட்டது. அப்போதும் கிராமத்தாரின் வாயில் அவை உயிர்பிழைத்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அவற்றைத் தேடித் தொகுத்தார்கள். 1880-இல் ட்ரூரோ நகரில் ஒன்பது வாசகங்களும் கீதங்களும் மாறிமாறி வரும் வழிபாட்டு முறை உருவாயிற்று. 1918-இல், முதல் உலகப் போர் ஓய்ந்த சில வாரங்களில், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் எரிக் மில்னர்-ஒயிட் அதை ஏற்று நடத்தினார். அவர் போர்க்களத்தில் படைவீரர்களுக்குப் போதகராகப் பணியாற்றித் திரும்பியவர். 1928 முதல் வானொலி வாயிலாக உலகமே அதைக் கேட்கத் தொடங்கியது.

அச்சிற்றாலயத்தில் கடைப்பிடிக்கப்படும் ஒரு வழக்கம் சாதகர்கள் சிந்திப்பதற்கு உரியது. வழிபாடு ஒரு சிறுவனின் தனிக்குரலில் தொடங்கும். தாவீது அரசரின் ஊரில், மாட்டுத் தொழுவத்தில், ஓர் எளிய தாய் தன் மகவைக் கிடத்தியதைச் சொல்லும் கீதத்தின் முதல் அடிகள் அவை. பக்கவாத்தியம் ஏதும் இல்லை. எந்தச் சிறுவன் பாடுவான் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்படுவதில்லை. பல சிறுவர்கள் அதற்குப் பயிற்சி பெற்று ஆயத்தமாக நிற்கிறார்கள். கடைசிக் கணத்தில் குழுத் தலைவர் ஒருவனைச் சைகையால் அழைக்கிறார். அவன் ஓரடி முன்வந்து பாடுகிறான். மற்றவர்கள்? அவர்களும் அதே அளவு உழைத்தவர்களே. அழைப்பு வரவில்லை என்று அவர்கள் முகம் வாடி நின்றால் அடுத்த அடியில் சேர்ந்து பாட இயலாது. கீதை கூறும் பலன் கருதாப் பணியைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அங்கே பயில்கிறார்கள். அதற்கு அவர்கள் அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை, அவ்வளவே.

பாட்டு மட்டும் போதுமா?

கீதத்தின் ஆற்றலைக் கூற வருவோர் அனைவரும் 1914-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் குறிப்பிடுவார்கள். 'சைலண்ட் நைட்' என்ற கீதம் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில் 1818 கிறிஸ்துமஸ் முன்னிரவில் முதன்முதலில் பாடப்பட்டது. ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார் எழுதிய பாட்டுக்குப் பள்ளி ஆசிரியரான கிரூபர் இசையமைத்தார். கித்தாரின் துணையுடன் இருவரும் பாடினார்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கீதம் ஜெர்மானியரின் பதுங்கு குழிகளிலிருந்து எழுந்தது. எதிரே இருந்த ஆங்கிலேயர் தங்கள் கீதங்களால் பதிலளித்தனர். பல இடங்களில் வீரர்கள் ஆயுதமின்றி வெளியே வந்து கைகுலுக்கினர். இறந்தவர்களை அடக்கம் செய்தனர்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. சில நாட்களில் துப்பாக்கிகள் மீண்டும் முழங்கின. போர் மேலும் நான்கு ஆண்டுகள் நீடித்தது. பாட்டு மனத்தை உருக்கும். உருகிய மெழுகை அச்சில் வார்க்காவிட்டால் அது பழையபடியே இறுகிவிடும். பஜனையில் கண்ணீர் விட்டு, வீடு திரும்பியதும் வேலைக்காரப் பெண்ணிடம் சீறும் நம்மில் யாருக்கும் இது புதிய செய்தியன்று.

கிறிஸ்துமஸ் கீதங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதையை எண்ணிப் பாருங்கள். நிறைகர்ப்பிணியான மனைவியுடன் ஒருவர் ஊருக்கு வருகிறார். சத்திரத்தில் இடமில்லை. குழந்தை பிறக்கிறது, தீவனத் தொட்டியே தொட்டிலாகிறது. சத்திரக்காரர் கொடியவராக இருந்திருக்க வேண்டியதில்லை. சத்திரம் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். நாமும் பெரும்பாலும் கொடியவர்கள் அல்லர். நிரம்பியிருக்கிறோம்.

காளிகாட்டில்

இந்தக் கதை கல்கத்தாவில் வேறு விதமாகத் திரும்பியது. காளிகாட் அன்னையின் கோயிலை அடுத்து, யாத்திரிகர்கள் தங்குவதற்கான ஒரு தர்மசாலை இருந்தது. தெருவோரத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களை ஏற்க மருத்துவமனைகளில் இடமில்லாத நிலையில், அவர்கள் மதிப்புடன் கண்மூட ஓர் இடம் தேவை என்று அன்னை தெரசா மாநகராட்சியை அணுகினார். மாநகராட்சி அளித்தது அந்தத் தர்மசாலையை. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி அங்கே 'நிர்மல் ஹிருதய்' தொடங்கியது. பெத்லகேமின் சத்திரத்தில் இல்லாத இடம் காளியின் சத்திரத்தில் கிடைத்தது என்று சொன்னால் அது அலங்காரமன்று, நடந்த செய்தி.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. புனிதத் தலத்தில் சாவு வீடா, மதமாற்றத்திற்கு வழியா என்று அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள். அந்த அச்சத்தையும் நாம் எளிதாக இகழ்ந்துவிடக் கூடாது. ஆனால் காளி கோயில் அர்ச்சகர் ஒருவர் நோயுற்றுக் கைவிடப்பட்டபோது அந்த இல்லத்தில்தான் பராமரிக்கப்பட்டார் என்று அன்னை தெரசாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இறந்தவர்களுக்கு அவரவர் சமய முறைப்படியே இறுதிச் சடங்கு நடக்க வேண்டும் என்பது அங்கு வழக்கமாயிற்று. கொதிப்பு மெல்ல அடங்கியது.

மரணத்தையும் மடியில் ஏந்தும் தாய் அன்னை காளி. மரிப்பவர்களுக்கு அவள் வாசலைவிடப் பொருத்தமான இடம் எது? இதைக் கல்கத்தாவிற்கு முன்னரே எடுத்துரைத்தவர் ஒரு பாதிரியாரின் மகள். 1899 மே 28-ஆம் தேதி சகோதரி நிவேதிதை காளிகாட் கோயிலில் காளி வழிபாட்டைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். வந்தவர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து கேட்க வேண்டும் என்பது சுவாமி விவேகானந்தரின் ஏற்பாடு. 1901-இல் சுவாமிஜியே அங்கு சென்றார். சிறுவயதில் அவர் நோயுற்றபோது தாயார் நேர்ந்துகொண்ட பிரார்த்தனையை நிறைவேற்ற, ஆதி கங்கையில் நீராடி, ஈர உடையுடன் சன்னிதியில் மும்முறை உருண்டு, கோயிலை வலம் வந்து, ஹோமமும் செய்தார். கடல் கடந்து சென்று வந்தவர் என்று அங்கிருந்தோர் அவரைத் தடுக்கவில்லை, மகிழ்ந்து வரவேற்றார்கள். அந்த விரிந்த மனத்தைக் குறித்து அவர் தம் சீடரிடம் நிறைவோடு பேசியிருக்கிறார்.

சமரசம் பேசும் ஆர்வத்தில் நாம் ஒரு தவறுக்கு இடம் தரலாகாது. ஏசுவைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் நம்புவதும் நாம் கொள்வதும் ஒன்றல்ல. அவருக்கு ஏசு ஒரே தேவகுமாரர். நமக்கு அவதார புருஷர்களுள் ஒருவர். கீதத்தைப் பாடும்போது நம் கொள்கையை அதன் சொற்களில் திணிக்கவும் வேண்டாம். அதன் கொள்கையைக் கண்டு கூசவும் வேண்டாம். விருந்தினர் வீட்டிற்கு வந்தால் அவர் உடையை மாற்றச் சொல்கிறோமா என்ன?

நம் மையங்களில் கீதம் பாடுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் தெரியாத பக்தர்கள் திகைத்து அமர்ந்திருக்க நாலு பேர் மட்டும் பாடுவதில் பயனில்லை. பொருளைத் தமிழில் முன்னதாகச் சொல்லுங்கள். தமிழிலேயே பாடலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் நம் ராகங்களில் கீர்த்தனைகள் இயற்றிச் சென்றிருக்கிறார்கள். பாடி முடித்து கேக் பிரசாதம் பெற்றுக்கொள்ளும் முன், நம் தெருவில் இன்றிரவு இடமில்லாமல் இருப்பவர் யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். தனியே வாழும் முதியவரோ, மருத்துவமனை வராந்தாவில் துணையின்றிப் படுத்திருப்பவரோ எங்கும் உண்டு.

1886-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி இரவு, ஆன்ட்பூர் கிராமத்தில் பாபுராமின் இல்லத்தில், துனி நெருப்பைச் சுற்றி ஒன்பது இளைஞர்கள் அமர்ந்திருந்தார்கள். குருதேவர் மறைந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. நரேந்திரர் ஏசுவின் வாழ்வைப் பற்றியும், தலைசாய்க்க இடமில்லாத அவரது துறவைப் பற்றியும் உருகிப் பேசினார். அனைவரும் எழுந்து நெருப்பின் முன் துறவு வாழ்வை மேற்கொள்ள உறுதி பூண்டார்கள். அது கிறிஸ்துமஸ் முன்னிரவு என்பது பின்னரே அவர்கள் நினைவுக்கு வந்தது. அந்த ஒன்பதின்மரில் ஒருவர் சசி. சுவாமி ராமகிருஷ்ணானந்தர் என்ற பெயருடன் 1897-இல் சென்னைக்கு வந்த அவர், பெற்றோரை இழந்த சிறுவர்கள் சிலரின் நிலையைக் கண்டு மனம் நொந்தார். அவரது தூண்டுதலால் 1905-இல் மயிலாப்பூரில் ஒரு சிறிய வீட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. மாணவர் இல்லம் என்ற பெயரில் அது இன்றும் இயங்கி வருகிறது.